‘தொப்பை வலிக்குது’ன்னா எங்க வலிக்குது? - குட்டிப் பசங்களுக்கு உடம்பைப் பற்றி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம்!

அக்கா மகளுக்கு அப்போது நாலு வயசு. ரெண்டு நாளாக ‘தொப்பை வலிக்குது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாட்டி ஓமத்தண்ணி கொடுத்தார். பக்கத்து வீட்டு அத்தை ‘கண்ணு பட்டிருக்கும்’ என்று உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார். மாமாவோ, ‘ஸ்கூலுக்கு மட்டம் போடுறதுக்குப் பிளான்’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல்.

டாக்டர், ‘எங்க வலிக்குதுன்னு விரல் வெச்சுக் காட்டு பாப்பா’ என்றதும் தொப்புளில் விரல் வைத்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். விரல் கொஞ்சம் கீழே இறங்கியது, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ‘ஒண்ணுக்குப் போகும்போது எரியுதா?’ என்று கேட்டார். தலையை ஆட்டினாள். யூரின் டெஸ்ட்டில் தொற்று இருப்பது தெரிந்தது. மாத்திரைகூட இல்லை, சிரப்பிலேயே சரியாகிவிட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா கேட்டாள், ‘ஏன்டி தங்கம், முன்னாடியே சொல்லல?’

‘அதைச் சொன்னா ஷேம் ஷேம்னு சொல்வீங்கல்ல?’

அவளிடம் அந்த இடத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை. ‘ஷேம் ஷேம்’ மட்டும்தான் இருந்தது. இத்தனைக்கும் அந்த வயதிலேயே எலிபேன்ட், ஜிராஃப், ஹிப்போபொட்டாமஸ் எல்லாம் ஸ்பெல்லிங்கோடு சொல்லுவாள்!

‘அங்கிளுக்கு நோஸ் காட்டு!’

நம் வீடுகளில் உடல் உறுப்புகளைச் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. ஒன்றரை வயதிலேயே ஆரம்பித்துவிடுவோம். விருந்தாளி வந்தால் போதும், ‘அங்கிளுக்கு நோஸ் காட்டு, ஐஸ் காட்டு, இயர்ஸ் எங்க?’ என்று ஒரு ஷோ நடக்கும். குழந்தை சரியாகக் காட்டினால் கைதட்டல். அதோடு பாடம் முடிந்தது.

இதில் ஒரு சிக்கல். குழந்தைக்கு அது உடம்பைப் பற்றிய அறிவாகப் போய்ச் சேராது, ‘இந்தச் சத்தம் வந்தால் இங்கே தொட வேண்டும்’ என்ற விளையாட்டாகத்தான் சேரும். ‘எல்போ’வைக் காட்டத் தெரிந்த குழந்தைக்கு, முழங்கை இடித்துக்கொண்டால் ‘கை வலிக்குது’ என்பதற்குமேல் சொல்லத் தெரியாது. தமிழில் இது இன்னும் கொஞ்சம் கூடுதல் சிக்கல். தோளிலிருந்து விரல் நுனிவரை மொத்தமும் நமக்குக் ‘கை’. இடுப்பிலிருந்து பாதம்வரை மொத்தமும் ‘கால்’. ‘வயிறு’ என்றால் விலா எலும்புக்குக் கீழே உள்ள அத்தனையும்.

ஆனால், துல்லியமான சொற்கள் தமிழில் இல்லையா என்ன? மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை, அக்குள், பிடரி, தாடை, முகவாய், விலா, கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால்... எவ்வளவு இருக்கு! பல பெரியவர்களுக்கே கெண்டைக்கால் எது, கணுக்கால் எது என்று குழம்பும். பாடப்புத்தகத்துக்குப் போகாமல் இந்தச் சொற்களைப் புழக்கத்தில் விட ஒரே இடம், குளியலறை.

குளிப்பாட்டும்போது சோப்பு போகிற வழியிலேயே பெயரும் போகட்டும். ‘இப்போ பிடரிக்கு... இப்போ அக்குளுக்கு... கால் தூக்கு, குதிகாலுக்கு...’ தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், சார்ட் வாங்க வேண்டாம். மூணு வயசுக் குழந்தை ரெண்டே வாரத்தில் ‘அம்மா, கெண்டைக்கால்ல கொசு கடிச்சிடுச்சு’ என்று சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு வரும். விரல்களுக்கு நம் பாட்டிகள் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறார்கள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி ஆளுக்கு ஒரு வாய் ஊட்டி, கடைசியில் நண்டும் நரியுமாகக் கை மேலே ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு. அதில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று பெயரையும் சேர்த்துவிட்டால் முழுக் கையும் முடிந்தது.

கை என்றதும் ஒரு விஷயம். வலதுகையைச் ‘சோத்துக்கை’ என்றும், இடதுகையைப் ‘பீச்சாங்கை’ என்றும் சொல்லிக்கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இடதுகைப் பழக்கமுள்ள குழந்தைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பென்சில், ஸ்பூன் எல்லாம் எந்தக் கையில் எடுக்கிறதோ, அதைத் தட்டிப் பறித்து மாற்ற வேண்டாம். அது மூளை செய்துகொள்கிற ஏற்பாடு, கெட்ட பழக்கம் அல்ல.

தலைக்கு அடியிலேயே கால்!

மூணு, நாலு வயசுக் குழந்தையிடம் ஒரு ஆளை வரையச் சொன்னால், பெரிய வட்டம் போட்டு, அதில் கண், வாய் வைத்து, வட்டத்திலிருந்தே ரெண்டு கோடு காலாக இழுத்துவிடும். உடம்பே இருக்காது. உலகம் முழுக்கக் குழந்தைகள் இப்படித்தான் வரைகிறார்கள். தவளைக்குஞ்சு மாதிரி இருப்பதால் ஆய்வாளர்கள் இதை ‘டேட்போல்’ மனிதன் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்எனஃப், குழந்தைகள் வரையும் மனித உருவத்தில் எத்தனை உறுப்புகள் வருகின்றன என்பதை வைத்து அவர்களின் வளர்ச்சியைப் பார்க்கும் முறையை 1926-லேயே வெளியிட்டார். அதற்காக நீங்கள் வீட்டில் மார்க் போட உட்கார்ந்துவிடாதீர்கள். ‘கழுத்து எங்கடா?’ என்று திருத்தவும் வேண்டாம். மாதம் ஒரு படம் வரையச் சொல்லி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் கழுத்து, விரல்கள், தொப்புள் எல்லாம் ஒவ்வொன்றாக முளைப்பதைப் பார்க்கலாம்.

இதைவிட ஜாலியான வேலை ஒன்று. பழைய மாதக் காலண்டர் தாள்களை ஒட்டி, தரையில் விரித்து, குழந்தையை அதன்மேல் படுக்க வைத்து, சுற்றி ஸ்கெட்ச்சால் கோடு இழுங்கள். எழுந்து பார்த்ததும், ‘இது நானா?’ என்று ஒரு பிரமிப்பு வரும் பாருங்கள்! அந்தத் தாளை ஒரே நாளில் நிரப்பாமல், சுவரில் ஒட்டிவிட்டு வாரம் ஒரு உறுப்பு சேருங்கள். இதயம் வரைய அளவு தெரியவில்லையா? குழந்தையின் கையை மூடச் சொல்லுங்கள். அவரவர் இதயம் ஏறக்குறைய அவரவர் மூடிய கை அளவு. அதை நெஞ்சின் நடுவில், கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்து ஒட்ட வேண்டும். சினிமாவில் ஹீரோ கை வைக்கிற அளவுக்கு ஓரத்தில் அல்ல!

ஞாயிற்றுக்கிழமை பாடம்

அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால், உடற்கூறு பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சமையலறையைவிட நல்ல இடம் கிடையாது. கறி வாங்கி வந்ததும் குழந்தையை விரட்டாமல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைக்கலாம். ‘இது ஈரல். உன் வயித்துல இந்த வலதுபக்கம், விலாவுக்கு அடியில இதே மாதிரி ஒண்ணு இருக்கு.’ சுவரொட்டி என்று கடைக்காரர் கொடுப்பது மண்ணீரல், அது இடதுபக்கம். நல்லி எலும்பைத் தட்டி உள்ளே இருப்பதை உறிஞ்சும்போது, ‘எலும்புக்குள்ள இருக்கிற இந்த மஜ்ஜையிலதான் நம்ம ரத்தம் உருவாகுது’ என்று ஒரு வரி சொன்னால் போதும். கோழிக்கால் துண்டில் மூட்டை மடக்கி நீட்டிக் காட்டலாம். அதில் வழுவழுவென்று வெள்ளையாக மூடியிருப்பது குருத்தெலும்பு. காதுமடலையும் மூக்கு நுனியையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் அதேதான்.

சில குழந்தைகள் ‘அப்போ இது ஆட்டுக்குட்டியோடதா?’ என்று கேட்டு, தட்டைத் தள்ளிவிடலாம். உண்மையைச் சொல்லுங்க. அன்றைக்கு முட்டையோ ரசமோ போட்டுச் சாப்பாட்டை முடிங்க. அதைக் கிண்டல் செய்ய வேண்டாம்.

சைவ வீட்டில் மூட்டுகளுக்கு வேறு உதாரணம் இருக்கு. முழங்கையும் முழங்காலும் கதவுக் கீல் மாதிரி, முன்னும் பின்னும்தான் போகும். தோள்பட்டை ஆட்டுக்கல் குழவி மாதிரி, குழிக்குள் உட்கார்ந்து சுற்றும். வீட்டில் ஆட்டுக்கல் இல்லை என்றால் கிண்ணத்தில் பந்தை வைத்து உருட்டிக் காட்டுங்கள். பிறந்த குழந்தைக்குச் சுமார் 300 எலும்புகள், பெரியவர்களுக்கு 206 என்ற கணக்கைச் சொன்னால், ‘மிச்சம் எங்க போச்சு?’ என்று கட்டாயம் கேள்வி வரும். தொலைந்து போகவில்லை, சின்னச் சின்ன எலும்புகள் வளர வளர ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடுகின்றன.

அம்மா புடவை எவ்வளவு நீளமோ...

சிறுகுடலைப் புரியவைக்க நான் பார்த்ததிலேயே சிறந்த கருவி, புடவை. ஒரு புடவை ஐந்தரை மீட்டர். பெரியவர்களின் சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர். ஹாலில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை புடவையை விரித்து, குழந்தையை அதன் ஓரமாக நடக்க வைத்து, ‘இவ்ளோ நீளம் அப்பா வயித்துக்குள்ள இருக்கு’ என்று சொல்லிவிட்டு, மடித்து மடித்துத் தலையணை உறைக்குள் திணியுங்கள். அந்தத் திணிக்கிற வேலையைக் குழந்தையே செய்யட்டும். சாப்பிட்டது உடனே ஏன் வெளியே வருவதில்லை என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

உணவுக்குழாய்க்குப் பழைய லெகிங்ஸ் போதும். கால் பகுதிக்குள் ஒரு பந்தைப் போட்டு, மேலிருந்து கையால் பிழிந்து பிழிந்து கீழே தள்ளினால், விழுங்கிய இட்லி போகிற வழி அதுதான். ஜிப் கவருக்குள் ஒரு துண்டு தோசை, கொஞ்சம் தண்ணீர், சில துளி எலுமிச்சைச் சாறு. குழந்தை பிசையப் பிசையக் கூழாகும். அது இரைப்பை. ‘வாயில நீ நல்லா மென்னிருந்தா இரைப்பைக்கு வேலை கம்மி’ என்று அங்கேயே ஒரு கொக்கி போட்டுவிடலாம்.

இதயத்துக்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம். பேப்பரை ரோலாகச் சுருட்டி ஒரு முனையை அப்பா நெஞ்சிலும், மறுமுனையைக் குழந்தை காதிலும் வைத்தால் ‘லப்-டப்’ கேட்கும். அப்பா பத்து தடவை குதித்துவிட்டு வரட்டும், மறுபடி கேட்கட்டும். ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. மூணு, நாலு வயசுக் குழந்தைக்கு 80 முதல் 120 வரை இயல்பு. குழந்தையின் நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்று பயப்படும் இளம் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நுரையீரல் பாடத்தில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புவது புரையேறுவதைப் பற்றி. குழந்தைக்குப் புரையேறினால் தலையில் தட்டி, ‘யாரோ நினைக்கிறாங்க’ என்போம். கேட்க அழகாகத்தான் இருக்கு. ஆனால், நடப்பது வேறு. தொண்டையில் ரெண்டு குழாய்கள். ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று காற்றுக்கு. விழுங்கும்போது காற்றுக் குழாய்க்கு ஒரு மூடி மூடிக்கொள்ளும். பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிட்டால் மூடி சரியாக மூடாமல் சோறு தப்பான வழியில் போகப் பார்க்கும். இருமல் அதை விரட்டுகிறது. இதைச் சொல்லிக்கொடுத்தால், ‘சாப்பிடும்போது ஓடாதே’ என்பது திட்டாக இல்லாமல் காரணமாகக் குழந்தை மனதில் நிற்கும். நமக்கான பாடமும் இருக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலை, கடினமான மிட்டாய் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்க வேண்டும். நுரையீரலை பலூனில் காட்டுவதாக இருந்தால் பெரியவர்கள் ஊதட்டும். வெடித்த பலூன் துண்டு தரையில் கிடக்கக் கூடாது, மூச்சுக்குழாயை அடைத்துவிடும் மோசமான பொருள்களில் அது ஒன்று.

ஆறாம் வயசு ரகசியம்

பால் பற்கள் மொத்தம் 20. எண்ணிப் பார்க்கக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தால் பிரஷ் பண்ணுகிற சண்டை பாதி குறையும். பெற்றோர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: ஆறு வயசு வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது பால் பல் அல்ல, நிரந்தரப் பல். ‘எப்படியும் விழப்போற பல்தானே’ என்று சொத்தையை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு வேறு முளைக்காது. டூத்பேஸ்ட் மூணு வயசுவரை அரிசி மணி அளவு, மூணு முதல் ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது மாதிரி பிரஷ் முழுக்க அலை அலையாக வேண்டாம்.

மூளையை எப்படிக் காட்டுவது? ஒரு வால்நட்டை உடைத்துக் காட்டலாம், ஓடு மண்டையோடு. ஆறு வயசுக்குள் மூளை ஏறக்குறையப் பெரியவர்களின் மூளை அளவை எட்டிவிடுகிறது. அந்த மூளையைத்தான் நாம் பைக் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து, ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறோம். நாலு வயசுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ஹெல்மெட், பாதுகாப்பு பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கு. வால்நட் பாடம் நடத்திய மறுநாள், ‘அப்பா, என் ஓடு எங்க?’ என்று குழந்தை கேட்டால், தப்பிக்க வழியே இல்லை!

அந்த இடத்துக்கு என்ன பேர்?

இப்போது ஆட்டோவில் கேட்ட அந்தப் பதிலுக்கு வருவோம்.

ஆண் குழந்தைக்காவது நம் வீடுகளில் ஒரு செல்லப்பெயர் இருக்கும். அதைச் சொல்லிக் கொஞ்சுவார்கள், கிண்டல் பண்ணுவார்கள். பெண் குழந்தைக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரு சொல்லும் இல்லை. ‘ஒண்ணுக்குப் போற இடம்’, ‘அங்க’, இல்லையென்றால் ‘ஷேம் ஷேம்’. ஜட்டி போடாமல் ஓடினால், ‘ஐயே ஷேம் ஷேம்’ என்று மொத்த வீடும் சிரிக்கும். நாம் சொல்ல நினைப்பது, ‘இது உன் தனிப்பட்ட இடம், மூடி வெச்சுக்கோ’ என்பதுதான். குழந்தைக்குப் போய்ச் சேர்வது, ‘இது அசிங்கமான இடம், இதைப் பத்திப் பேசக்கூடாது’ என்பது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், என்றைக்காவது ஒருநாள் யாராவது தப்பாகத் தொடும்போது தெரியும். பேசக்கூடாத இடத்தில் நடந்ததை எப்படிப் பேசுவது?

மூக்குக்குப் பெயர் சொல்கிற அதே குரலில் இதற்கும் பெயர் சொல்லலாம். ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, ஆசனவாய், மார்பு. நாக்கில் வர மாட்டேன் என்றால் ‘பீனிஸ்’, ‘வல்வா’ என்று ஆங்கிலப் பெயரையே பழக்குங்கள். எந்த மொழி என்பது பிரச்னை இல்லை. வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு டீச்சருக்கும் டாக்டருக்கும் போலீஸுக்கும் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘பிஸ்கட்’, ‘பூ’ என்று வீட்டுக்குள் மட்டும் புரிகிற ரகசியப் பெயர் வைத்தால், ‘அந்த அண்ணா என் பூவைத் தொட்டாங்க’ என்று குழந்தை டீச்சரிடம் சொல்லும்போது, டீச்சர், ‘பரவாயில்ல, வேற பூ வாங்கிக்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்.

இந்தச் சொற்களை முதல் தடவை சொல்லும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. அக்கா குளியலறையில் சத்தமாகச் சொன்னபோது, வெளியே பாட்டி டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். ஒரு வாரம்தான். அப்புறம் குழந்தைக்கு அதுவும் முழங்கை, கணுக்கால் மாதிரி இன்னொரு பெயர்.

பெயரோடு சேர்த்துச் சில விதிகள். உள்ளாடை மூடுகிற இடங்களையும் வாயையும் மற்றவர்கள் தொடக்கூடாது, பார்க்கக் கேட்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, அவர்களுடையதைக் காட்டவும் தொடச் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டுகிற, கழுவிவிடுகிற ஆள் யார் யார் என்று பெயர் சொல்லியே பட்டியல் போடுங்கள். டாக்டர் பார்க்கலாம், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது.

‘குட் டச், பேட் டச்’ என்று நாம் பழகிவிட்டோம். சைல்டுலைன் அமைப்பு தயாரித்த ‘கோமள்’ என்ற அனிமேஷன் படம் வழியாக இது நிறைய பள்ளிகளுக்குப் போனது. குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படம். ஆனால், மழலைகளுக்கு அந்த ‘குட், பேட்’ என்ற சொற்களில் ஒரு குழப்பம் வருகிறது. தடுப்பூசி வலிக்கும், அது ‘பேட்’ அல்ல. தப்பான தொடுதல் சில நேரம் கிச்சுகிச்சு மாதிரியே இருக்கும், சாக்லேட்டோடு வரும். வலித்ததா, பிடித்ததா என்பதை அளவுகோலாக வைத்தால் குழந்தை தடுமாறும். அதனால் எந்த இடம், யார், எதற்காக என்ற விதிதான் குழந்தைக்குத் தெளிவு. அதோடு இன்னொன்று: ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று யார் சொன்னாலும், அதை அம்மாகிட்ட சொல்லியே ஆக வேண்டும். அப்பா பிறந்தநாளுக்கு கேக் ஒளித்துவைப்பது சர்ப்ரைஸ், நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும். எப்போதுமே சொல்லக்கூடாது என்பது ரகசியம். நம் வீட்டில் ரகசியம் கிடையாது.

‘தாத்தாவுக்கு ஒரு முத்தா குடு’

விதிகளை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து பெரியப்பா வந்ததும் ‘மடியில போய் உக்காரு, முத்தா குடு, குடுக்கலன்னா கோச்சுப்பாங்க’ என்று தள்ளிவிடுகிறோம். குழந்தை அம்மா கால் பின்னால் ஒளிகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த நிமிஷத்தில் குழந்தை கற்றுக்கொள்வது, ‘பெரியவங்க கேட்டா எனக்குப் பிடிக்கலைன்னாலும் குடுக்கணும்.’

பெரியப்பா மனசும் நோகக் கூடாது, அதுவும் நிஜம்தான். நம் குடும்பங்களில் அதைச் சுலபமாகத் தாண்டிவிட முடியாது. அதனால் மாற்று கொடுங்கள். ‘முத்தம் வேணாமா? வணக்கம் சொல்லு, ஹைஃபை குடு, இல்ல டாட்டா காட்டு, எது வேணும்?’ தேர்வு குழந்தையுடையது. பெரும்பாலான தாத்தா பாட்டிகள் ரெண்டாவது தடவையே பழகிவிடுவார்கள். பழக மறுத்துக் கோபித்துக்கொள்கிறவர் ஒருவர் இருந்தால், அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்துவிட்டுப் போகட்டும். கிச்சுகிச்சு மூட்டும்போதும் குழந்தை ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் போதும் என்றால் போதும்தான்.

குழந்தை ஏதாவது சொன்னால்...

சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் முகம். அதிர்ச்சி, அலறல், ‘நீ ஏன் அங்க போன?’ எல்லாம் வேண்டாம். குழந்தை வாயை மூடிக்கொண்டால் மறுபடி திறக்கவைப்பது கஷ்டம். ‘சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பே இல்ல. நான் பாத்துக்கறேன்.’ இந்த மூன்று வாக்கியம் போதும். நீங்களே போலீஸ் மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதீர்கள். உடை மாற்றிக் குளிக்கவைக்கும் அவசரமும் வேண்டாம், மருத்துவப் பரிசோதனை தேவைப்படலாம்.

24 மணி நேரமும் இயங்குகிற, கட்டணமில்லாத சைல்டு ஹெல்ப்லைன் எண் 1098. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர்கள்மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் சொல்வது கட்டாயம். ‘ஸ்டேஷன், கோர்ட்டுன்னு குழந்தையை அலையவிடணுமே’ என்பதுதான் பல குடும்பங்கள் மூடி மறைக்கச் சொல்கிற காரணம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்புகிற இடத்திலோ பதிவுசெய்ய வேண்டும், கூடுமானவரை பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வர வேண்டும், குழந்தையின் பெயரோ அடையாளமோ வெளியே வரக் கூடாது. இவ்வளவும் சட்டத்திலேயே இருக்கு. தெரிந்திருந்தால் கேட்டு வாங்க முடியும்.

எது ‘ஸ்கின் கலர்’?

காலண்டர் தாளில் வரைந்த உருவத்துக்கு வண்ணம் அடிக்கும்போது ஒன்று கவனித்தேன். அக்கா மகள் கிரேயான் பெட்டியில் வெளிர் ரோஸ் நிறத்தை எடுத்து, ‘இதான் ஸ்கின் கலர்’ என்றாள். கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். ‘என் கை ஸ்கின் கலர்ல இல்ல’ என்றாள்.

கடைகளில் கிடைக்கும் உடல் உறுப்பு சார்ட்டுகளிலும் பெரும்பாலும் வெள்ளைத் தோல் பையன்தான் நிற்கிறான். அதனால் பிரவுன் கிரேயான்கள் நாலைந்தை எடுத்து, வீட்டில் ஒவ்வொருவர் கைக்கும் எது பொருந்துகிறது என்று ஒரு விளையாட்டு வைத்தோம். ‘எல்லார் தோல்லயும் மெலனின்னு ஒரு நிறப்பொருள் இருக்கு. கூட இருந்தா கறுப்பு, கம்மியா இருந்தா வெளுப்பு. வெயில்லேர்ந்து தோலைக் காப்பாத்துற வேலை அதுக்கு.’ இதை நாலு வயசுக்காரியால் புரிந்துகொள்ள முடிகிறது. ‘வெயில்ல விளையாடாத, கறுத்துடுவ’ என்பதை நிறுத்துவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமாக இருக்கு.

சில கேள்விகள், சின்னப் பதில்கள்

‘விதையை முழுங்கிட்டேன், வயித்துல மரம் முளைக்குமா?’ - முளைக்காது. வெயிலும் மண்ணும் வயித்துல இல்ல. நாளைக்கு ஆய்ல வந்துடும். (தயவுசெய்து ‘ஆமா, காது வழியா கிளை வரும்’ என்று விளையாட வேண்டாம். ராத்திரி தூங்காது.)

‘பாப்பா அம்மா வயித்துக்குள்ள எப்படிப் போச்சு? அம்மா சாப்பிட்டுட்டாங்களா?’ - தமிழில் ரெண்டுக்கும் ‘வயிறு’ என்று சொல்வதால் வருகிற நியாயமான சந்தேகம். ‘சோறு போறது இரைப்பை. பாப்பாவுக்குன்னு தனியா கருப்பைன்னு ஒரு பை இருக்கு. அங்க ரொம்பக் குட்டியா, ஒரு புள்ளி மாதிரி ஆரம்பிச்சு வளரும்.’ நாலு வயசுக்கு இதுவே போதும். அடுத்த கேள்வி வந்தால் அப்போது அடுத்த வரி.

‘அந்த அக்கா ஏன் சக்கர நாற்காலியில இருக்காங்க?’ - ‘ஸ்ஸ்ஸ்’ என்று வாயைப் பொத்த வேண்டாம். ‘அவங்க கால் நடக்கிற மாதிரி வேலை செய்யல, அதனால சக்கரத்துல போறாங்க. தாத்தாவுக்குக் கண்ணாடி மாதிரி.’

‘ஆயா செத்துப்போயிட்டாங்கன்னா என்ன?’ - ‘தூங்கிட்டாங்க’ என்று சொன்னால் அன்று இரவு குழந்தை தூங்கப் பயப்படும். ‘ஆயாவோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இதயம் துடிக்காது, மூச்சு வராது, வலிக்காது, பசிக்காது. திரும்ப வர மாட்டாங்க.’ பேப்பர் குழலில் ‘லப்-டப்’ கேட்ட குழந்தைக்கு இது புரியும். அழும். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

‘வலிக்குது’ - இது கேள்வி அல்ல, ஆனால் தினமும் வருவது. சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டை வலித்தாலும் பயமாக இருந்தாலும் தொப்புளைக் காட்டுகிற பழக்கம் உண்டு. வலி தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கவனிக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தில் ஒரு பழைய பொது விதி. ஆனால், அப்பெண்டிக்ஸ் வலியே தொப்புளைச் சுற்றி ஆரம்பித்துத்தான் பிறகு வலதுபக்கம் கீழே இறங்கும். காய்ச்சல், வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, நீர்க்கடுப்பு என்றால் ஓமத்தண்ணியோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது நாலு: ‘ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டு. குத்துதா, எரியுதா? ஒண்ணுக்கு, ஆய் போகும்போது வலிக்குதா? இவ்ளோண்டா, இவ்ளோவா?’ கடைசிக் கேள்விக்குக் கைகளை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு எத்தனை என்று நாலு வயசுக் குழந்தையிடம் கேட்டுப் பயனில்லை.

அக்கா மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன மாதம் போனில், ‘சித்தி, எனக்கு வலதுபக்கக் கணுக்கால்ல, வெளிப்பக்கமா, சுளுக்கு’ என்றாள். என்னடி பண்ணினே என்று கேட்டால், ‘அது ரகசியம்’ என்றாள். உடனே, ‘இல்ல இல்ல, சர்ப்ரைஸ். நாளைக்குச் சொல்றேன்’ என்று திருத்திக்கொண்டாள்.